குழி சரியாத்தான் இருக்கு

செங்கல், பாறசாலை வழி
12-1-1955

கர்த்தருக்குள் அன்பான தம்பி விஜயதாசுக்கு அக்கா சத்தியபாய் எழுதுகிறது. இங்க அத்தானும் மக புஷ்பபாயும் தேவ கிருபையால நல்லா இருக்காவ. நான் இருக்கேன், அவ்வளவுதான். நீ அந்நிய ஊர்ல நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பாத்துக்கிடுவியா?

நீ பொன்னப்பன் கையில குடுத்துவிட்ட கரண்டு அடுப்பு வந்து சேர்ந்தது. கப்பல்ல சிங்கப்பூர்ல இருந்து ஊர் வரைக்கும் மடியில வச்சிட்டே வந்தானாம். பாத்தவங்க எல்லாம், என்ன ஆசிரியரம்மா, தோசைக்கல்லுக்கு வால் முளைச்சிருக்கேன்னு ஒரே சிரிப்பு. எனக்குத்தான் சிரிப்பு வரல்ல மக்கா. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் அச்சப்பம் சுட்டுக்கிட்டு இருக்கும்போதே மூச்சு அடைச்சு அடுப்பு முன்னாலயே விழுந்துட்டேன். ஆசுபத்திரியில டாக்டர் மூஞ்சிக்கு நேரே சொல்லிட்டார், இனியும் விறகுப் புகையில இருந்தா அடுத்த கிறிஸ்மஸ் பாக்கமாட்டீங்கன்னு. புஷ்பபாய் நான் சமைக்கேன்னு சொல்லுகா. அவ ஊதினாலும் புகை வீடு முழுக்கத்தானே வருது.

வயர்மேன் பரமசிவன் வந்து பாத்தான். பியூஸ் கம்பியைக் கொஞ்சம் கனமாப் போட்டாப் போதும்ங்கான். அத்தானுக்கு அதுல நம்பிக்கை இல்ல. நம்ம அடுக்களைத் தரை உனக்குத் தெரியுமே, எப்ப பாத்தாலும் ஈரமும் வெள்ளமுமாக்கும். செருப்புப் போட்டுட்டு அடுக்களையில நிக்க நமக்குப் பழக்கமும் இல்ல. விஜயதாஸ் எழுதாம சுவிச்சுல கை வைக்கப்பிடாதுன்னு அவிய ஒரே பிடியா நிக்காவ. சின்னதுல கரண்டுக்குள்ளயே பிறந்தவன் போலப் பேசுவியே, அங்கயும் கரண்டு வேலைதானே பாக்கே, இப்ப பேசு பாப்போம்.

அத்தான் பள்ளிக்கூடம் விட்டா மீட்டிங்குக்குத்தான் ஓட்டம். நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் தமிழோட சேரணும்னு ஊர் ஊராப் பேச்சு. போன வருஷம் பொலீசு துப்பாக்கிச்சூட்டுல செத்தவங்களை நினைச்சு, அவிய திரும்பி வரதுவரைக்கும் நான் வாசல்லயே நிக்கேன். நீ ஜெபத்துல நினைச்சுக்க.

உன் பாசமுள்ள அக்கா
சத்தியபாய்


சிங்கப்பூர்
28-1-1955

பிரியமுள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் விஜயதாஸ் தோத்திரம் சொல்லி எழுதுகிறது. எனக்குச் சுகத்துக்கு ஒரு குறைவும் இல்ல. உன் இழுப்பை நினைச்சாத்தான் சோறு இறங்கல்ல.

அத்தான் சொன்னதுதான் சரி. பரமசிவன்ட்ட சொல்லு, பியூஸ் காக்கது கம்பியையும் வீட்டையும்தான், ஆளை இல்லைன்னு. பியூஸ் எரியதுக்கு வேண்டிய கரண்டுல நூத்துல ஒரு பங்கு போதும் ஒரு மனுசனைக் கொல்ல. அடுப்புக்குள்ள இருக்க கம்பி கொஞ்சம் நனைஞ்சாலோ கீறினாலோ கரண்டு அடுப்போட தகரத்துல ஏறி நிக்கும். பாத்தா ஒண்ணும் தெரியாது. வெறுங்காலோட ஈரத்துல நின்னு நீ தொட்டா உன் வழியாத்தான் மண்ணுக்கு இறங்கும்.

அதனால ஒரு டிரிப் பெட்டி அனுப்புறேன். கடையில ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு கரண்டு கூடினா மட்டும் விழும், அது மோட்டாருக்கு உள்ளது. நமக்கு வேண்டியது மத்தது. அடுப்புத் தகரத்துல கொஞ்சம் கரண்டு ஏறினாலே அது டக்குன்னு விழுந்து எல்லாத்தையும் அணைச்சிரும். ஆனா அந்தப் பெட்டிக்கு எர்த்து வேணும். பெட்டியில இருந்து ஒரு கம்பி மண்ணுக்குள்ள போகணும். வீட்டுக்கு வெளிய ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒரு இரும்புப் பைப்பை நட்டு, சுத்தி கரியும் உப்பும் போட்டு மூடச் சொல்லு. வெயில் காலத்துல தினமும் வெள்ளம் ஊத்தணும். எர்த்து இல்லேன்னா அந்தப் பெட்டி வெறும் அலங்காரம்.

பெட்டியில ஒரு சின்ன பொத்தான் உண்டு. ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போறதுக்கு முன்னால அதை அமுக்கணும். பெட்டி விழுந்தா எல்லாம் சரி. விழலேன்னா அடுப்பைத் தொடாதே, எனக்கு எழுது. அத்தானிடம் சொல்லு, மீட்டிங்குல முன்வரிசையில நிக்கண்டாம்.

உன் தம்பி
விஜயதாஸ்


செங்கல்
6-3-1955

தம்பி விஜயதாசுக்கு ஆண்டவர் நீண்ட ஆயுசு தரட்டும். நாங்க எல்லாரும் சுகம். இந்தத் தடவை நானும் சேர்த்துத்தான் எழுதுறேன்.

பெட்டி வந்தது. பரமசிவன் முதல்ல முறைச்சான், பிறகு உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டினதும் அதுபடியே வேலை செய்தான். பைப்புக்குத்தான் கொஞ்சம் அலைச்சல். கடைசியில அத்தான் ஒரு நல்ல கனத்த பைப்பு கொண்டு வந்தாவ. வேலிப் பக்கத்துல குழி வெட்டி நட்டாச்சு. கரியும் உப்பும் போடுறதைப் பாத்துட்டு பக்கத்து வீட்டு விஜயம்மா, கருவாடா போடுதீங்கன்னு கேட்டா.

எலே, முதல் நாள் கஞ்சி கொதிச்சதை நான் உக்காந்து பாத்துட்டே இருந்தேன். ஒரு பொட்டுப் புகை இல்ல. கண்ணு எரியல்ல. அன்னைக்கு ரெண்டு வருஷத்துக்குப் பிறகு நிமிந்து படுத்து உறங்கினேன். இதுவரை சுவர்ல சாஞ்சு உக்காந்துதான் உறக்கம், உனக்கு நான் எழுதல்ல. அத்தான் ரெண்டு தடவை எழும்பி என் மூக்குல கை வச்சுப் பாத்தாவளாம், சத்தமே இல்லாம கிடக்கேனேன்னு பயந்து.

பொத்தானை அமுக்குனா டக்குன்னு விழுது. புஷ்பபாய் அதுக்காகவே ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கா. உனக்குப் புண்ணியமாப் போகும் மக்கா. சீக்கிரம் ஒரு நல்ல பெண்ணாப் பாத்து வைக்கேன், லீவு போட்டு வா.

அக்கா
சத்தியபாய்


செங்கல்
19-6-1955

அன்பான தம்பிக்கு. ரெண்டு கடிதம் போட்டிருந்தே, பதில் எழுதல்லேன்னு கோவிக்காதே. உன் சுகத்துக்கு எழுது. இங்க மழை பிடிச்சிட்டு.

அத்தானை ஸ்டேஷனுக்குக் கொண்டு போய் மூணு நாள் வச்சிருந்துட்டு விட்டாவ. அடிக்கல்லன்னு அவிய சொல்லுகாவ. சட்டையைக் கழத்தாம குளிக்காவ, நானும் கேக்கல்ல. வேலைக்கு ஆபத்து ஒண்ணும் வரல்ல, இப்ப பள்ளிக்கூடம் போறாவ. மீட்டிங்குக்குப் போறதில்ல. வேற ஒண்ணும் எழுதுறதுக்கு இல்ல.

பின்ன ஒரு காரியம். பெட்டியில பொத்தானை அமுக்குனா இப்ப விழ மாட்டேங்குது. மழை ஈரத்துல உள்ளுக்குள்ள எதாவது கெட்டுப்போச்சோ என்னவோ. அந்தப் பெட்டி இல்லாம, எர்த்தும் இல்லாம, அடுப்பை உபயோகிக்க வேற எதாவது வழி உண்டா? உங்க ஊர்ல புதுசா எதாவது வந்திருக்கான்னு விசாரிச்சு எழுது. பரமசிவன் இப்ப நம்ம வீட்டுப் பக்கம் வரதில்ல.

அக்கா


சிங்கப்பூர்
3-7-1955

அக்கா, உன் கடிதம் பாத்து மனசு கலங்கிப்போச்சு. அத்தானுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு உடனே எழுது. நான் சுகமாக்கும், என்னை விடு.

பெட்டி விழாததுக்கு ரெண்டே காரணம்தான். ஒண்ணு எர்த்துல குறை. இல்லேன்னா பெட்டியை விழ வைக்க கம்பிச் சுருள் உள்ள கெட்டுப் போயிருக்கணும். முதல்ல குழியைப் பாரு. பைப்பு அசையாம நிக்கா? பெட்டியில இருந்து வாற கம்பி பைப்புல இறுக்கமா முடுக்கியிருக்கா? இதை நீயே கண்ணால பாத்து எழுது, வேற ஆளுட்ட கேட்டு எழுதாதே. எர்த்தும் இல்லாம பெட்டியும் இல்லாம ஒரு வழியும் எந்த ஊர்லயும் இல்ல. அதுவரைக்கும் அடுப்பைத் தொடாதே, கும்பிட்டுக் கேக்கேன். பத்து நாள் விஜயம்மா வீட்டுல கஞ்சி வாங்கிக் குடி, ஒண்ணும் குறைஞ்சு போகாது.

தம்பி
விஜயதாஸ்


செங்கல்
20-7-1955

தம்பிக்கு அக்கா எழுதுகிறது. அத்தான் சுகம். புஷ்பபாய் சுகம். எனக்கும் இழுப்பு இல்ல.

நீ எழுதினபடி பாத்தேன். குழி சரியாத்தான் இருக்கு. பைப்பும் கம்பியும் இருக்கு. பெட்டியிலதான் ஏதோ.

நீ ரொம்ப விசாரப்படாதே. உடம்பைப் பாத்துக்க.

சத்தியபாய்


சிங்கப்பூர்
4-8-1955

பிரியமுள்ள அக்காவுக்கு, இங்க சுகம். உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குழி சரியாயிருக்குன்னா சுருள்தான் போயிருக்கு. வேற பெட்டி அனுப்ப ஆள் தேடிட்டு இருக்கேன், ரெண்டு மாசம் ஆகும். அதுவரை இப்படிச் செய். அடுப்புத் தகரத்துல இருந்து பெட்டிக்குப் போற பச்சைக் கம்பியைக் கழத்தி, குழிக்குப் போற கம்பியோட நேரா முறுக்கிச் சேத்திரு. பெட்டி அளவுக்கு வராது, இருந்தாலும் நல்ல எர்த்து உண்டுன்னா கரண்டு அந்த வழியாப் போயிரும், பியூஸும் எரியும். மெயினை அணைச்சிட்டுத்தான் கை வைக்கணும். வரைஞ்சு அனுப்பியிருக்கேன், அத்தானிடம் காட்டு, அவிய செய்வாவ.

பெண்ணு பாக்கறதா எழுதியிருந்தியே, என்ன ஆச்சு? பள்ளிக்கூடம் படிச்சவளா இருக்கட்டும். கடிதமாவது ஒழுங்கா எழுதுவா, உன்னைப் போல நாலு வரியில முடிக்க மாட்டா.

விஜயதாஸ்


செங்கல்
27-8-1955

அன்புள்ள மாமாவுக்கு புஷ்பபாய் எழுதிக்கொள்வது. தந்தி கிடைத்திருக்கும். அம்மாவுக்கு எழுத முடியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அப்பா போன ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனார்கள். கோயிலில் இருந்து வரும்போது மழையில் நனைந்து அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. அப்பா அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வெந்நீர் வைக்க அடுக்களைக்குப் போனார்கள். அப்பா அடுப்பு பக்கம் போனதே இல்லை மாமா. நான் கிணற்றடியில் இருந்தேன். பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தேன். மெயினை அணைக்கணும் என்று நீங்கள் எழுதியது ஞாபகம் இருந்தது, அணைத்துவிட்டுத்தான் அப்பாவைத் தொட்டேன். அதற்குள் முடிந்துவிட்டது. கை சுருண்டுபோய் இருந்தது.

அன்றைக்கு உங்கள் கடிதம் வந்து எட்டாவது நாள். பெட்டி சரியாக இருந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார்களா மாமா? எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா யாரிடமும் பேசவில்லை. அடுப்பை எங்கேயோ கொண்டு போட்டுவிட்டார்கள். இப்போது விறகில்தான் சமைக்கிறோம்.

உங்கள் மருமகள்
புஷ்பபாய்


சிங்கப்பூர்
12-9-1955

அக்கா,

என்ன எழுதறதுன்னு தெரியல்ல. நாலு தடவை எழுதிக் கிழிச்சுப்போட்டேன்.

பெட்டியைக் கழத்தச் சொன்னது நான்தான். ஆளைக் காக்கதுக்குன்னு அனுப்பின பெட்டியை நானே ஒரு கடுதாசியால கழத்தி எறிஞ்சிட்டேன். சுருள் போச்சுன்னு நான் எப்படி இருந்த இடத்துல இருந்து முடிவு பண்ணினேன்? ஒருவேளை பொத்தான் மட்டும் மக்கர் பண்ணியிருக்கும், பெட்டி நல்லாத்தான் இருந்திருக்கும். பதினொரு வருஷம் இந்த வேலை பாத்தவன். ஒரு வீட்டுக்காரன் இப்படிக் கேட்டிருந்தா நேர்ல போய்ப் பாக்காம ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்.

புஷ்பபாய் கேட்டதுக்குப் பதில் நீயே சொல்லு. பெட்டி இருந்தா அத்தான் பிழைச்சிருப்பாவ. உன் கையால ஒரு வரி எழுது அக்கா. என்னைத் திட்டியாவது எழுது.

விஜயதாஸ்


சிங்கப்பூர்
15-12-1955

அக்காவுக்கு. இதோட அஞ்சு கடிதம். ஒண்ணுக்கும் பதில் இல்ல. நீ எழுதாததுல எனக்குக் கோவம் இல்ல, எழுதுறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை.

வேலையை விட்டுட்டேன். முதலாளியிடம் டூல் பையைத் திருப்பிக் குடுத்துட்டேன். ஒரு வீட்டுல சுவிச்சுப் பலகையைத் திறந்தேன், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாம மூடிட்டு இறங்கி வந்துட்டேன். இப்ப துறைமுகத்துல மூட்டை தூக்குறேன். அதுக்கு ஒரு கம்பியும் தொடண்டாம்.

உனக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்து சொல்ல எனக்கு வாய் வரல்ல.

விஜயதாஸ்


செங்கல்
11-3-1956

தம்பி விஜயதாசுக்கு,

பொன்னப்பன் வந்திருந்தான். உன்னைத் துறைமுகத்துல பாத்தானாம். முதுகு கூனிப்போச்சு, ஆளே அடையாளம் தெரியல்லேன்னு சொன்னான். அதனாலதான் எழுதுறேன். இல்லேன்னா சாகும்வரைக்கும் எழுதியிருக்க மாட்டேன், அதையும் சொல்லிப்போடுறேன்.

நீ அத்தானைக் கொல்லல்ல. உன் கடிதம் வந்த அன்னைக்கே அதை மடிச்சு வேதப்புத்தகத்துக்குள்ள வச்சிட்டேன். அவியட்ட காட்டவே இல்ல. மெயினைப் பத்தி உள்ள வரியை மட்டும் புஷ்பபாய்க்குப் படிச்சுக் காட்டினேன். ஒரு கம்பியும் கழத்தல்ல, ஒரு கம்பியும் சேக்கல்ல. பெட்டி பரமசிவன் வச்ச இடத்துலயே, வச்சபடியே இருந்தது. இப்பவும் இருக்கு. பெட்டி நல்ல பெட்டியாக்கும். எர்த்துதான் இல்ல. குழியில பைப்பு இல்ல. மே மாசத்துல இருந்தே இல்ல.

அந்தப் பைப்பு எங்கயிருந்து வந்ததுன்னு அப்பவே எனக்குத் தெரியும். அளவுக்காரங்க வந்து ரோட்டோரமா வரிசையா இரும்புப் பைப்பு நட்டுட்டுப் போனாவ. இதுதான் எல்லை, இதோட நம்மளைத் தமிழ்ப் பக்கத்துல இருந்து வெட்டிப்போடுவானுவன்னு பேச்சு பரவிட்டு. அத்தானும் இன்னும் ஏழெட்டுப் பேரும் போய் பிடுங்கி எறிஞ்சாவ. அதுல ஒண்ணைத்தான் அவிய தோள்ல வச்சுக் கொண்டு வந்தாவ. எல்லை போடக் கொண்டு வந்தது உனக்கு மூச்சு விட ஆகட்டும்னு சொல்லிச் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன்.

மே மாசக் கடைசியில பொலீசு வீடு வீடா சோதனை போடுதுன்னு தகவல் வந்தது. அத்தான் பைப்பைப் பிடுங்கி குளத்துல தள்ளினாவ. கம்பியைக் கூரை இறவாரத்தோட வெட்டினாவ. குழியை மூடி மேல ஒரு வாழைக்கன்னு வச்சாவ. பொலீசுக்கு ஒண்ணும் கிடைக்கல்ல, இருந்தும் கொண்டு போனாவ. விடும்போது பொலீசுக்காரன் சொன்னானாம், இனி உன் வீட்டுப் பறம்புல ஒரு இரும்புத்துண்டு நட்டதைக் கண்டா வேலையும் போகும், ஜெயிலும் உண்டுன்னு. அதுக்குப் பிறகு புதுசா பைப்பு வாங்கி நடறதெப்படி? பரமசிவனும் பயந்து வரல்ல.

ஸ்டேஷன்ல இருந்து வந்த அன்னைக்கே அவிய கேட்டாவ, பைப்பு போனதால அடுப்புக்கு ஒண்ணும் ஆகாதேன்னு. ஒண்ணும் ஆகாது, அதுக்குத்தானே தம்பி பெட்டி அனுப்பியிருக்கான்னு சொன்னேன். எர்த்து இல்லாத பெட்டி வெறும் அலங்காரம்னு நீ எழுதினது எனக்கு மனப்பாடம். தெரிஞ்சேதான் சொன்னேன். உண்மையைச் சொன்னா அன்னைக்கே வேற பைப்பு தேடிப் போவாவ. அப்படி அவியளைப் பத்திதான் பயந்தேன்னு ஊருக்குச் சொல்லலாம். உனக்குச் சொல்லுறேன், அது பாதிதான். அடுப்பைத் தூக்கி வெளிய போட்டிருவாவளோன்னு பயந்தேன். படுத்து உறங்கின சுகம் எனக்கு விட மனசில்ல.

உன்னிடம் மறைச்சதும் அதுக்குத்தான். தபாலைப் பிரிச்சுப் பாக்கானுவன்னு பேச்சு இருந்தது, அதனால முதல் தடவை மறைச்சேன். பைப்பு இல்லாம வேற வழி எதாவது நீயாச் சொல்லமாட்டியான்னு பாத்தேன். இல்லைன்னு எழுதிட்டே. அடுப்பைத் தொடாதேன்னும் எழுதிட்டே. அப்ப ரெண்டாம் தடவை பொய்யே எழுதினேன்.

மழை தொடங்கின பிறகு தகரத்துல கை பட்டா சுள்ளுன்னு பிடிக்கும். ஒரு பலாப்பலகையைப் போட்டு, காய்ஞ்ச துணியால கால் துடைச்சு, அதுமேல நின்னுதான் சமைப்பேன். புஷ்பபாயை அடுக்களைக்குள்ள விடல்ல. அவிய அடுப்பு பக்கமே வராத மனுசன், அவியளுக்கு என்னத்துக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்.

அன்னைக்கு நான் கட்டில்ல கிடக்கேன். நீ கிட, நான் வெந்நீர் வைக்கேன்னு போனாவ. கால் நனைஞ்சு போய் இருந்தது. பலகையை நான் சுவர்ல சாத்தி வச்சிருந்தேன். சுவிச்சு போட்ட சத்தம் எனக்குக் கேட்டுது. தொடாதீங்கன்னு சொல்ல வாயைத் திறந்தேன் மக்கா, மூச்சு வரல்ல.

போன மாசம் ரோட்டு வேலைக்காரங்க வந்து திரும்ப அதே இடத்துல பைப்பு நட்டாவ. ரோட்டை அகலமாக்கதுக்காக்கும். எல்லையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாம மலையாளப் பக்கத்துலயே நிப்போம்னு பேப்பர்ல வந்ததை அவிய பாக்கல்ல, அது ஒண்ணுதான் நல்லது.

நீ டூல் பையைப் போய்த் திருப்பி வாங்கு. இந்தப் பாவம் என்னுது. இதுல உனக்குப் பங்கு இல்ல.

சத்தியபாய்


சிங்கப்பூர்
2-4-1956

சத்தியபாய் அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படிச்சு முடிச்சதும் ரோட்டோரம் உக்காந்து அழுதேன். முதல்ல வந்தது சந்தோசம், அதை உன்னிடம் மறைக்கல்ல. நான் இல்ல, நான் இல்லைன்னு வாய்விட்டுச் சொன்னேன். வழியில போன சீனன் ஒருத்தன் நின்னு பாத்துட்டுப் போனான்.

பிறகுதான் நாளை எண்ணினேன். செப்டம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். ஆறு மாசம் நான் அத்தானைக் கொன்னவனா எழும்பி, கொன்னவனாச் சாப்பிட்டு, கொன்னவனாப் படுத்தேன். நான் எழுதின அஞ்சு கடிதமும் உன் கையில இருந்தது. நீ பயந்து பொய் எழுதினது எனக்குப் புரியுது அக்கா. மூச்சு முட்டுறவ எதைப் பிடிச்சும் தொங்குவா. அதுக்கு முன்னால நடந்தது எதுக்கும் நான் உன்னைக் குத்தம் சொல்லமாட்டேன். அத்தான் அடக்கம் முடிஞ்ச பிறகு யாரு ஜெயிலுக்குப் போவான்னு பயந்து நீ எழுதாம இருந்தே?

முதலாளியைப் பாத்தேன். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். புஷ்பபாயிடம் உண்மையை நீயே சொல்லிரு. நான் சொன்னா அவ என் சத்தத்துலதான் அதைக் காலம் முழுக்கக் கேப்பா.

செப்டம்பர்ல லீவு கிடைக்கும். ஊருக்கு வாறேன். அத்தான் கல்லறையில போய் நிப்பேன். உன் வீட்டு நடையில ஏறுவேனான்னு அங்க வந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

விஜயதாஸ்